கிராவ்லின் கால்வாய்: 1890இன் ஒளியும் இன்றைய கரையும்

பிரான்சின் வடகோடியில், கலே நகருக்கும் டன்கிர்க்குக்கும் இடைப்பட்ட கரையில், ‘ஆ’ என்ற சின்னஞ்சிறு பெயர் கொண்ட ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் கடைசி நீட்டத்தை நேர்க்கோடாக வெட்டி, இருபுறமும் கரை கட்டி, படகுகள் வந்துபோகும் கால்வாயாக ஆக்கியிருக்கிறார்கள். கால்வாயின் உள்முனையில் கோட்டை மதில் சூழ்ந்த கிராவ்லின் நகரம். கடல்வாயில் இரண்டு மீனவக் குடியிருப்புகள்: கிழக்குக் கரையில் பெத்தி ஃபோர் ஃபிலிப், மேற்குக் கரையில் கிரான் ஃபோர் ஃபிலிப். ஸ்பெயின் ஆண்ட காலத்தில் அதன் அரசர் பெயரால் எழுந்த கோட்டையிலிருந்து வந்தவை இப்பெயர்கள்.

1890ஆம் ஆண்டு கோடையில் ஓவியர் ஜார்ஜ் சூரா இங்கே வந்து தங்கினார். வயது 30. நியோ இம்ப்ரஷனிசம் என்ற புது இயக்கத்தின் தலைமகன் என்று பாரிஸ் ஓவிய உலகம் அவரை அறிந்திருந்தது. இந்தக் கால்வாயை நான்கு பெரிய ஓவியங்களாகவும், அவற்றுக்கு முன்தயாரிப்பாகச் சில சிறு பலகை ஓவியங்களாகவும், கருப்பு கோன்தே கிரையான் வரைபடங்களாகவும் தீட்டினார். அதுவே அவருடைய கடைசிக் கோடை. அடுத்த மார்ச் 29ஆம் தேதி, திடீர் நோய் ஒன்றில், 31 வயதில் அவர் இறந்துபோனார்.

இப்போது அந்தக் கால்வாய்க்குச் சில கிலோமீட்டர் கிழக்கே ஆறு அணு உலைகள் ஓடுகின்றன. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம் அது. சூராவின் ஓவியத்தையும் இன்றைய கரையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அழகு அழிந்தது, இரும்பும் சிமென்டும் வந்தன. அந்த முடிவு சூராவுக்கும் நியாயம் செய்வதில்லை, அந்த ஊருக்கும் நியாயம் செய்வதில்லை. அவர் உண்மையில் எதைத் தீட்டினார், அதில் எது இன்றும் இருக்கிறது, எது போயிற்று, அவரே எதை விட்டுவிட்டார் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கண்ணைக் கழுவும் பயணம்

சூராவின் கோடைகள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. 1885இல் கிரான்கான், 1886இல் ஹோன்ஃப்ளர், 1888இல் போர்-ஆன்-பெஸ்ஸான், 1889இல் லெ குரோத்துவா, 1890இல் கிராவ்லின். எல்லாமே பிரான்சின் வடகரையிலுள்ள சிறு துறைகள். குளிர்காலம் முழுவதும் பாரிஸில், விளக்கொளியில், மனிதர்கள் நிறைந்த பெரிய ஓவியங்களோடு மல்லாடுவார். கோடை வந்தால் கடற்கரைக்குப் போவது, உள்ளறை வெளிச்சம் படிந்த கண்ணைக் கழுவிக்கொண்டு, திறந்தவெளி ஒளியை இயன்ற அளவு துல்லியமாகப் பிடிப்பதற்காக என்று அவர் சொன்னதாகக் கவிஞர் எமில் வெர்ஹேரன் பதிந்திருக்கிறார்.

அவர் தேர்ந்தெடுத்த ஊர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அக்காலத்தில் நாகரிகமான கடற்கரைகள் வேறு இருந்தன. சூதாட்ட விடுதியும் குடைபிடித்த சீமாட்டிகளும் நிறைந்த கரைகளை மற்ற ஓவியர்கள் தீட்டினார்கள். சூரா போனது வேலை நடக்கும் துறைகளுக்கு. கிராவ்லின் அவற்றுள்ளும் எளிமையானது. மலையில்லை, பாறையில்லை, மரக்கூட்டம்கூட அதிகமில்லை. தட்டையான மணல், தட்டையான கடல், தாழ்ந்த தொடுவானம். ஓதம் வற்றினால் கால்வாயின் இருபக்கமும் சேறும் ஈரமணலும் வெளியே வரும். ஏறினால் படகுகள் கரைமட்டத்துக்கு உயரும். ஓவியருக்கு ‘காட்சி’ என்று அந்த ஊர் கொடுத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் ஒளி.

அந்த ஒளிக்கும் தனித்த குணம் உண்டு. ஆழமில்லாத கடல், அலையோடு கலங்கும் மணல், எந்நேரமும் காற்றில் ஈரம். மேகம் மெல்லிய திரையாகப் பரவினால் வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழாமல் நாலாபுறமும் சிதறிவிடும். நிழல் கரிப்பதில்லை, நீலமாகவோ மங்கிய ஊதாவாகவோ தங்கிவிடும். ஈரமணல் வானத்தைத் திருப்பிக் காட்டும். மண்ணெது, நீரெது, வானெது என்று பிரிக்கும் கோடு அடிக்கடி கரைந்துபோகும். கருப்பும் பழுப்பும் குழைத்து நிழல் போட்டுப் பழகிய பழைய பாணி ஓவியருக்கு இங்கே வேலையில்லை. இந்த இடத்தைத் தீட்டவே வேறொரு வழி தேவைப்பட்டது. அந்த வழி சூராவிடம் இருந்தது.

நிறத்தின் பக்கத்து வீடு

அந்த வழியின் வேர் ஓவியக்கூடத்தில் இல்லை, சாயப்பட்டறையில் இருந்தது. பாரிஸின் கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் மிஷெல் எழேன் செவ்ரல். சில நூல்களின் கருப்புச் சாயம் வலுவாக இல்லை என்று அங்கே புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை என்று தெரிந்தது. அந்தக் கருப்பு நூலின் பக்கத்தில் நீலமும் ஊதாவும் இருந்ததால்தான் அது வெளிறித் தெரிந்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறம் முடிவு செய்கிறது என்பதை 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஜவுளிக் கடையில் ஒரே ரவிக்கைத் துணியை இரண்டு சேலைகள் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் எவருக்கும் இந்த உண்மை தெரியும். செவ்ரல் அதற்கு விதி வகுத்தார்.

அடுத்த விளக்கம் அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879இல் எழுதிய நூலிலிருந்து வந்தது. சாந்துத் தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை வரும். ஒவ்வொரு சாந்தும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் கலக்கக் கலக்க நிறம் மங்கும். ஒரு வட்டத்தகட்டில் மஞ்சளையும் நீலத்தையும் பகுதி பகுதியாகத் தீட்டி வேகமாகச் சுழற்றினால் கண்ணுக்குக் கிடைப்பது பச்சையாக இருக்காது. ஏறக்குறைய சாம்பல் நிறமாக இருக்கும். சாந்துகள் கலப்பது வேறு, கண்ணுக்குள் ஒளிகள் கலப்பது வேறு. சூரா இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். நிறங்களைத் தட்டில் குழைக்காமல் தனித்தனிச் சிறு தொடுகைகளாகத் துணியில் வைத்தால், கலப்பைப் பார்ப்பவரின் கண் செய்யும், ஒளி மங்காது.

1886இல், இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சியில், ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ என்ற பெரிய ஓவியம் தொங்கியபோது இந்த முறை ஊரறிய வெளிப்பட்டது. விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் அதே ஆண்டு இதற்கு நியோ இம்ப்ரஷனிசம் என்று பெயரிட்டார். தோழர் பால் சின்யாக் இந்த வழியைத் தம் வாழ்நாள் முழுவதும் துறைமுகம் துறைமுகமாக எடுத்துச் சென்றார். 1899இல் அதன் கோட்பாட்டு நூலையும் எழுதினார்.

இந்தப் புள்ளிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. தள்ளி நின்றால் எல்லாப் புள்ளிகளும் முழுதாகக் கரைந்து ஒரே நிறமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. இயல்பாக நின்று பார்க்கும் தொலைவில் புள்ளிகள் பாதி கரைந்தும் பாதி கரையாமலும் நிற்கின்றன. கண் அவற்றைச் சேர்க்க முயன்றுகொண்டே இருக்கும். அந்த முயற்சியின் துடிப்புதான் ஓவியத்தின் காற்று. கிராவ்லின் மணலைப் பாருங்கள்: வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், எங்கோ ஒரு பச்சை. எதுவும் மணலின் நிறமில்லை. சேர்ந்தால் வெயிலில் கிடக்கும் மணலைத் தவிர வேறெதுவுமில்லை.

பலகையிலிருந்து துணிக்கு

வெளியில் நின்று தீட்ட சூரா கையில் எடுத்தது சிறு மரப்பலகைகள். ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். சுருட்டுப்பெட்டி மூடியின் அளவு. சாந்துப் பெட்டியின் மூடியிலேயே பலகையைச் செருகி, மடியில் வைத்துத் தீட்டலாம். இவற்றுக்குக் ‘குரோகத்தோன்’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். ஓதமும் மேகமும் மாறுவதற்குள் வானம் எத்தனை வெளிச்சம், கடல் அதைவிட எத்தனை படி கருமை, மணலின் ஓரத்தில் என்ன நிறம் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார். கிராவ்லின் கடற்கரையைத் தீட்டிய அப்படி ஒரு பலகை இப்போது லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பலகை அவ்வளவு சிறிது. அதில் உள்ள வெளி அவ்வளவு பெரிது. மணல், கடல், வானம் என்ற மூன்று பட்டைகளைத் தவிர வேறெந்தப் பிடியுமில்லாமல், ஒளியின் படிநிலைகளை வைத்தே தொலைவைக் கட்டியிருக்கிறார்.

படகையும் நங்கூரத்தையும் கரையையும் கோன்தே கிரையானில் தனித்தனியே வரைந்து பார்த்தார். சொரசொரப்பான தாளில் கருப்பை லேசாகத் தேய்த்தால் தாளின் மேடுகளில் மட்டும் அது பற்றும். பள்ளங்களில் வெண்மை மினுங்கும். நிறமே இல்லாமல் ஒளியை அளக்கும் பயிற்சி அது. இந்த இரண்டு தயாரிப்புகளும் முடிந்த பின்தான் பெரிய துணிக்கு வந்தார்.

நான்கு ஓவியங்களில் ஒன்று மாலைப்பொழுது. கரையில் கிடக்கும் நங்கூரங்கள், ஒற்றை விளக்குக் கம்பம், அப்பால் பாய்மரப் படகுகள், எல்லாவற்றின் மீதும் இறங்கும் இளஊதா. இன்னொன்றில் பெத்தி ஃபோர் ஃபிலிப்பின் வெண்ணிறக் கலங்கரை விளக்கமும், முன்னால் படகு கட்டும் கட்டையும். மூன்றாவது, கடலை நோக்கிய பார்வை. நான்காவதில் எதிர்க்கரையின் கிரான் ஃபோர் ஃபிலிப் வீடுகள் மெல்லிய கோடாக, வெறும் மணலுக்கும் வானுக்கும் நடுவே. ஓவியங்களின் விளிம்பைச் சுற்றியும் புள்ளிகளாலேயே ஒரு கரை தீட்டினார். அருகில் இருக்கும் நிறத்துக்கு எதிர்நிறம் அந்த விளிம்பில் கூடும். அதனால் உள்ளே இருக்கும் ஒளி இன்னும் ஒரு படி ஏறித் தெரியும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதியிட்டு எழுத்தாளர் மோரிஸ் போபூர் என்பவருக்குத் தம் கொள்கையைச் சுருக்கி ஒரு கடித வரைவு எழுதினார் சூரா. மகிழ்ச்சிக்கு வெளிச்சம் ஓங்கவேண்டும், வெம்மை நிறம் மிகவேண்டும், கோடுகள் மேலெழ வேண்டும். துயரத்துக்கு இருளும் குளிர் நிறமும் கீழிறங்கும் கோடுகளும். அமைதிக்கு இருளும் ஒளியும் சமம், வெம்மையும் குளிர்மையும் சமம், கோடுகள் கிடைமட்டம். இதைப் படித்துவிட்டு கிராவ்லின் ஓவியங்களுக்குத் திரும்பினால், அந்தத் தட்டையான ஊருக்கு அவர் ஏன் வந்தார் என்பது விளங்கிவிடும். அமைதியின் இலக்கணத்துக்கு அந்தக் கரை இயற்கையாகவே பொருந்தியிருந்தது.

இன்று: கரையின் புதிய கணக்கு

1891 மார்ச்சில் பாரிஸின் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் முடிவுறாத ‘சர்க்கஸ்’ ஓவியத்தோடு கிராவ்லின் காட்சிகளும் தொங்கின. கண்காட்சி நடக்கும்போதே சூரா இறந்தார். பிறகு ஓவியங்கள் உலகம் சுற்றின. மாலை ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். கலங்கரை விளக்கம் இந்தியானாபொலிஸில். கடலை நோக்கிய பார்வை நெதர்லாந்தின் குரோலர்-முல்லரில். கிரான் ஃபோர் ஃபிலிப் லண்டன் நேஷனல் காலரியில். நான்கில் ஒன்றுகூட கிராவ்லினில் இல்லை. கோட்டைக்குள் பழைய ஆயுதக் கிடங்கில் அச்சோவியங்களுக்கென்று நல்ல அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது; ஓவியமாகிய தம் கால்வாயைக் காண மட்டும் ஊர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டும்.

ஊர் அடையாளம் மாறியிருக்கிறது. சூரா வெண்மையாகத் தீட்டிய கலங்கரை விளக்கம் 1843இல் ஒளிரத் தொடங்கியது. பின்னாளில் அதன்மேல் கருப்பும் வெள்ளையுமாகச் சுற்றிச்செல்லும் பட்டை தீட்டினார்கள். பகலில் கப்பல்காரர்களுக்குத் தொலைவிலேயே தனித்துத் தெரியவேண்டும் என்பது நோக்கம். சூராவின் கோபுரம் தன்மேல் விழும் ஒளிக்கு ஏற்ப மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் நீலமாகவும் மாறக்கூடிய வெறும் மேற்பரப்பு. இன்றைய கோபுரம் எந்த வானிலையிலும் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

படகுகளும் மாறின. மரப்படகுகள் போய், வெள்ளைக் கண்ணாடியிழை உடலும் அலுமினியக் கம்பமும் கொண்ட உல்லாசப் படகுகள் வந்துவிட்டன. இதனால் நீரின் நிறமே வேறுபடுகிறது. தார் பூசிய மரம் தனக்குக் கீழே கரும்பச்சை, கருநீல நிழல்களைத் தரும். வெள்ளை உடல் வானத்தை அப்படியே நீருக்குள் திருப்பியடிக்கும். அன்று கால்வாயின் ஆழமான நிறங்கள் படகின் அடியில் குடியிருந்தன. இன்று அங்கேதான் மிகுந்த வெளிச்சம்.

பெரிய மாற்றம் கிழக்கே. 1960களில் டன்கிர்க்கில் கடலோர எஃகு ஆலை எழுந்தது. தொடர்ந்து துறைமுகம் மேற்கு நோக்கி, கிராவ்லின் பக்கமாக நீண்டது. அணுமின் நிலையத்தின் முதல் உலை 1980இலும் ஆறாவது 1985இலும் மின்கட்டமைப்பில் இணைந்தன. ஒவ்வொன்றும் 900 மெகாவாட் வகை. கடல்நீரையே எடுத்துக் குளிரூட்டுவதால், உள்நாட்டு உலைகளில் காணும் ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்கள் இங்கே கிடையாது. உருளைக் கட்டடங்கள் ஆறு, வரிசையாக, நீண்ட தாழ்ந்த கூடங்களோடு நிற்கின்றன. அங்கிருந்து வெளியேறும் வெந்நீரில் கடல் மீன் பண்ணை நடக்கிறது. டன்கிர்க் எரிவாயு முனையத்துக்கும் சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியே அந்த வெம்மை போகிறது. குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயுவை மீண்டும் வாயுவாக்க அது உதவுகிறது. 2025 ஆகஸ்டில் ஜெல்லிமீன்கள் கூட்டம் கூட்டமாக உறிஞ்சு வடிகட்டிகளை அடைத்துக்கொள்ள, நான்கு உலைகள் தாமாகவே நின்றுபோயின. இன்னும் இரண்டு புதிய, பெரிய உலைகளை அங்கே கட்டும் திட்டமும் இருக்கிறது.

தாழ்ந்த தொடுவானம் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது என்பதை இதில் கவனிக்க வேண்டும். கிடைமட்டக் கோடுகளின் ஊரில் உலைகளும் ஒரு கிடைமட்டக் கோட்டில்தான் வந்து நிற்கின்றன. காங்கிரீட் சாம்பல் நிறம். மேகம் கலைந்து மாலை வெயில் சாய்வாக விழும்போது அதே சாம்பலின் ஒரு பக்கம் ஆரஞ்சும் மறுபக்கம் நீலமும் ஏற்கிறது. செவ்ரலின் விதி உலைச் சுவருக்கும் பொருந்தும்.

இதைச் சொல்லும்போது சூராவின் முதல் பெரிய ஓவியத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1884இல் முடித்த ‘அஸ்னியரில் குளிப்போர்’ ஓவியத்தில் பின்னணி முழுவதும் கிளிஷி பகுதியின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். பார்வைக்கு இனிதாக இருக்கவேண்டும் என்று அவற்றை மறைக்கவில்லை. ஆற்றுக்கும் வானுக்கும் தந்த அதே கவனத்தைப் புகைக்கும் தந்தார். ஆலை வந்தால் அழகு போய்விடும் என்ற வருத்தத்துக்கு அவர் பெயரைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

ஓவியமும் மூப்படைகிறது

கரை மாறியது, ஓவியம் மாறாமல் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நியோ இம்ப்ரஷனிஸ்டுகள் நம்பியது அக்காலத்துப் புது வேதியியல் தந்த பளிச்சென்ற நிறமிகளை. அவற்றில் சில அவர்களைக் கைவிட்டன. ‘கிராந்த் ஜாத்’ ஓவியத்தில் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகத் தொடங்கியது; வெயிலில் மினுங்கிய புல்லின் மஞ்சள் புள்ளிகள் மங்கின, அந்த மஞ்சள் கலந்த பச்சை ஆலிவ் நிறமானது, ஆரஞ்சு மண்ணிறமானது. 1892இலேயே ஃபெனியோன் இந்த இழப்பைக் குறித்து எழுதினார். 2004இல் சிகாகோவில் அந்த ஓவியத்துக்கென நடந்த கண்காட்சியையொட்டி, தொடக்க கால நிறங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அறிவியலாளர்கள் கணினியில் மீட்டுக் காட்டினார்கள்.

குழைத்துத் தீட்டிய ஓவியத்தில் ஒரு நிறமி மங்கினால் முழுமையும் மெல்லச் சரியும், கண் பழகிக்கொள்ளும். புள்ளி ஓவியத்தில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியை நம்பி நிற்பது. மஞ்சள் சோர்ந்தால் பக்கத்து ஊதாவும் தன் வலுவை இழக்கும். சூரா கட்டியது நிறங்களின் உறவு. உறவில் ஒருவர் மெலிந்தால் மற்றவருக்கும் அது கேடு. அதனால்தான் இந்த ஓவியங்களுக்கு முன் நிற்கும்போது இன்று தெரியும் நிறத்தை அன்றைய கிராவ்லினின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறத்தின் பெயரைவிட, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு அவர் இறங்கும் படிகளை நம்புவது பத்திரமானது. அந்தப் படிகள் பெருமளவு காப்பாற்றப்பட்டிருக்கின்றன. இன்றும் கரையில் நின்று சரிபார்க்கலாம். மெல்லிய மேகத்தினூடே வரும் நண்பகல் ஒளியில் மணல் வானத்தைவிட எத்தனை படி தாழ்ந்தது, ஈரமான இடத்தில் அந்த இடைவெளி எப்படிச் சுருங்குகிறது, கட்டையின் நிழலில் நீலம் எங்கே கூடுகிறது: 1890இன் விடைதான் இன்றும் விடை.

கரையில் இருந்தவர்கள், இருப்பவர்கள்

எல்லாம் சொன்ன பிறகும் மனம் ஓரிடத்தில் தடுக்குகிறது. இந்த நான்கு ஓவியங்களிலும் மனிதர்கள் ஏறக்குறைய இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் போர்-ஆன்-பெஸ்ஸான் துறையைத் தீட்டியபோது சுமை தூக்கிவரும் பெண், சுங்கக்காவலர், ஒரு குழந்தை என மூவரை நடுவே நிறுத்தியிருந்தார். கிராவ்லினில் நங்கூரம் இருக்கிறது, அதைத் தூக்கிய கை இல்லை. விளக்குக் கம்பம் இருக்கிறது, ஏற்றுபவர் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தக் கரையின் ஆண்களில் பலர் ஐஸ்லாந்துக் கடலுக்குக் காட் மீன் பிடிக்கப் போய்வந்தார்கள். குளிர்காலக் கடைசியில் புறப்பட்டால் கோடை முடியும் தறுவாயில்தான் திரும்புவார்கள். திரும்பாமல் போனவர்களும் நிறைய. அந்த வழக்கத்தின் நினைவாக இன்றும் செப்டம்பர் இறுதியில் கிராவ்லினில் ‘ஐஸ்லாந்தர் விழா’ நடக்கிறது. பெண்கள் இடுப்பளவு நீரில் தள்ளுவலை பிடித்து இறால் வாரினார்கள். சூரா வந்த கோடைமாதங்களில் அந்தக் கால்வாய் உண்மையாகவே ஆண்கள் குறைந்த கால்வாயாக இருந்திருக்கும். அவர் தீட்டிய வெறுமை ஒருவேளை அந்த ஊரின் காத்திருப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் அது ஓவியரின் தேர்வும்கூட. ஒளியின் கணக்கு பிசகாமலிருக்க மனிதர்களை அவர் வெளியே நிறுத்தினார்.

இன்றும் இந்தக் கரையில் மனிதர்கள் கண்ணுக்கு எட்டாமல் இருக்கிறார்கள். இங்கிருந்து இங்கிலாந்துக் கரை தொலைவில்லை. போரிலும் வறுமையிலும் இருந்து தப்பி வந்தவர்கள் கலேயிலிருந்து டன்கிர்க் வரையுள்ள மணல்மேடுகளில் இரவில் காத்திருந்து, ரப்பர் படகுகளில் அந்தக் கடலைக் கடக்கப் பார்க்கிறார்கள். 2022இல் மட்டும் 45,000க்கும் மேற்பட்டோர் இப்படி இங்கிலாந்து சேர்ந்தார்கள். வழியில் மூழ்கியவர்களும் உண்டு. கிராவ்லின் மணலும் அப்படிப் புறப்படும் இடங்களில் ஒன்று. விடிந்தபின் கரைக்கு வருபவர் காண்பது காற்றிழந்த ரப்பரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளும். நீலச் சாம்பல் கடலுக்கு முன்னால் அந்த ஆரஞ்சு எத்தனை கூர்மையாகத் தெரியும் என்று சூராவின் வழியில் பயின்ற கண்ணுக்கு விளக்கத் தேவையில்லை. கடலில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டைகளுக்கு ஆரஞ்சு. எதிர்நிறங்களின் விதி அங்கே ஓர் உயிரைக் காப்பாற்றும் கருவி.

சூராவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது புள்ளியை அல்ல, பொறுமையை என்று நான் நம்புகிறேன். பெயர் பெறாத ஒரு கால்வாய்க்கு ஒரு கோடையை முழுதாகக் கொடுத்து, எது எதன் பக்கத்தில் இருப்பதால் எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியை இன்றைய கிராவ்லினிடம் கேட்பவர் உலையை மட்டும் பார்த்து வெறுக்க மாட்டார். மணலை மட்டும் பார்த்து உருகவும் மாட்டார். மீன்பண்ணை, கருப்பு வெள்ளைக் கோபுரம், மேற்கே ஓய் கடற்கரையில் பறவைகளுக்கென ஒதுக்கிய சதுப்பு நிலம், இரவில் மணல்மேட்டின் மறைவில் குந்தியிருக்கும் குடும்பம் ஆகிய எல்லாமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிறங்கள். ஒன்றை விட்டுவிட்டால் மற்றதும் பொய்யாகத் தெரியும்.

1890இல் அந்த ஊருக்குக் கிடைத்தது நான்கு ஓவியங்களும் சில பலகைகளும். அவற்றை வைத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் கிராவ்லினின் ஒளியை அறிந்திருக்கிறது. மனிதர்களும் உலைகளும் நிறைந்த கிராவ்லினுக்கு அதே நேர்மையோடு எழுதவும் தீட்டவும் படம்பிடிக்கவும் ஆட்கள் வரவேண்டும். ஒளியைப் பார்க்கும் பயிற்சியை சூரா தந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒளி யார் முகத்தில் விழுகிறது என்பதைப் பார்ப்பது இனி வருபவர்களின் வேலை.